டிஸ்க் போகவில்லை, பெயர்தான் பொருந்தவில்லை

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் மடிக்கணினி சர்வீஸ் கடைகள் பல, மாடிகளில் இருக்கின்றன. கீழே சார்ஜர், கேபிள், பென் டிரைவ் வியாபாரம். இறங்கி வருபவருக்கு ஒதுங்கி வழிவிட வேண்டிய படிக்கட்டில் ஏறினால் மேலே வேலை நடக்கிறது. நீள மேசை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, சால்டரிங் ஸ்டேஷன், அடிமூடி கழற்றிய மடிக்கணினிகள், ஓரத்தில் ஹார்ட் டிஸ்க்கைச் செருக ஒரு டாக். உயிர்போன மடிக்கணினியிலிருந்து எடுத்த டிஸ்க் அந்த டாக்கில் ஏறி, கடைக் கணினியில் புதிய டிரைவாகத் தெரிந்ததும், உரியவரின் பெயருள்ள கோப்புறையை டெக்னீஷியன் சொடுக்குகிறார். கோப்புகள் வருவதற்குப் பதில் ஒரு பெட்டி எழுகிறது: இந்தக் கோப்புறையைத் திறக்க உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை. மேசைக்கு எதிரே நிற்பவர்கள் அதைப் பார்த்ததும் கேட்பது அநேகமாக ஒரே கேள்வி: "டிஸ்க் போயிடுச்சாண்ணே?"

இல்லை என்று சொல்வது எளிது. ஏன் இல்லை என்று தெரிந்து சொல்வதில்தான் தொழில் இருக்கிறது. அனுமதி எச்சரிக்கை வட்டின் உடல்நிலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எது யாருக்கு உரியது என்று முன்பு எழுதிவைத்த குறிப்பும், இப்போது வந்து கேட்பவரின் அடையாளமும் பொருந்தவில்லை என்று மட்டுமே சொல்கிறது. இதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் தரவைக் காப்பாற்றுகிறார். எப்படியாவது எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட முனைபவர் சில நேரம் வட்டையும், பல நேரம் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தையும் கெடுக்கிறார். இந்த மேசைகளில் நடக்கும் வேலையைக் கவனித்தும், அந்த எச்சரிக்கைகள் பிறந்த வரலாற்றைப் படித்தும் நான் வந்து சேர்ந்த முடிவு இது. இதை மறுப்பவர்களிடமும் நியாயங்கள் உண்டு. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் இந்த வாதம் நிற்காது.

தேர்ந்த கைகள் வேலை செய்யும் வரிசையே முதல் சான்று. டிஸ்க் கைக்கு வந்ததும் அவர்கள் கோப்புகளைத் தேடுவதில்லை. மின்சாரம் கொடுத்து, காதருகே வைத்து, தட்டு ஒரே சீராகச் சுழல்கிறதா, 'டிக் டிக்' என்று தலை அடித்துக்கொள்கிறதா என்று கேட்கிறார்கள். பிறகு வட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணை. அதில் கண் போகும் இடங்கள் இரண்டு: 5ஆம் எண், அதாவது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், 197ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். இது பொருளின் நிலை. இதற்கு மேலே கோப்பு முறைமையின் கட்டமைப்பு இருக்கிறது: எந்தக் கோப்பு எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது, எந்தக் கோப்புறைக்குள் எது என்ற கணக்கு. மின்வெட்டில் பாதி எழுதி நின்றுபோனால் கெடுவது இந்தக் கணக்கு. இவ்விரண்டுக்கும் மேலே, மூன்றாவதாக, யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்ற அனுமதிக் குறிப்பு. பட்டாவில் பெயர் பொருந்தவில்லை என்பதற்காக வீட்டுச் சுவர் விரிசல் விடுவதில்லை; சுவர் விரிந்தால் பட்டாவைத் திருத்தி ஒட்டவைக்கவும் முடியாது. இருந்தும் வாடிக்கையாளரும், புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களும் மூன்று அடுக்கையும் 'டிஸ்க் எரர்' என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள். அங்கிருந்துதான் கோளாறு தொடங்குகிறது.

அனுமதி எச்சரிக்கைக்கும் வட்டின் நலத்துக்கும் தொடர்பில்லை என்பதை ஒரே செயலை இரண்டு இயங்குதளங்களில் செய்து பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஒரு விண்டோஸ் கணினியின் டிஸ்க்கை இன்னொரு விண்டோஸ் கணினியில் மாட்டினால் எச்சரிக்கை வருகிறது. ஒரு மேக்கின் டிஸ்க்கை இன்னொரு மேக்கில் மாட்டினால் பெரும்பாலும் வருவதில்லை. மேக் டிஸ்க் அதிக ஆரோக்கியமானது என்பதா காரணம்? யுனிக்ஸ் மரபில் கோப்பின் உரிமையாளர் பெயரால் பதிவாவதில்லை, எண்ணால் பதிவாகிறார். மேக்கில் முதலில் உருவாகும் பயனருக்கு 501 என்ற எண். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் 1000. ஆகவே யாரோ ஒருவருடைய மேக்கில் 501ஆக இருந்தவருடைய கோப்புகள், கடை மேக்கில் 501ஆக இருக்கும் டெக்னீஷியனின் சொந்தக் கோப்புகளாகவே தெரிகின்றன. போதாததற்கு, வெளியிலிருந்து மாட்டும் டிஸ்க்கில் உரிமைக் குறிப்புகளையே கண்டுகொள்ளாமல் விடும் ஒரு தேர்வும் மேக்கில் உண்டு. விண்டோஸ் அப்படியில்லை. ஒவ்வொரு நிறுவலும் தனக்கென்று எஸ்ஐடி எனப்படும் ஒரு நீண்ட அடையாள எண்ணைத் தற்செயலாக உருவாக்கிக்கொள்கிறது; எஸ்-1-5-21 என்று தொடங்கி மூன்று பெரிய எண்கள், கடைசியில் பயனரின் வரிசை எண். இன்னொரு கணினிக்கு அந்த எண் யாருடையது என்று தெரிய வழியில்லை. அதனால்தான் பாதுகாப்புத் தாவலைத் திறந்தால் 'அறியப்படாத கணக்கு' என்ற வரியும் அந்த எண்ணும் நிற்கின்றன. எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த பென் டிரைவில் இந்தச் சிக்கலே வராது, ஏனென்றால் அந்த முறைமையில் உரிமையாளர் என்ற கட்டமே இல்லை. செக்டரெல்லாம் செத்துக்கொண்டிருக்கும் பென் டிரைவ் ஒரு எச்சரிக்கையும் தராமல் இருக்கும். நேற்று வாங்கிய நல்ல ஹார்ட் டிஸ்க் அனுமதியில்லை என்று தடுக்கும்.

அனுமதி மறுப்பு என்பது சில இடங்களில் நிரந்தர ஏற்பாடு என்பதும் இந்த மேசைகளில் அடிக்கடி மறக்கப்படுகிறது. விஸ்டாவிலிருந்து இன்றுவரை விண்டோஸ் டிஸ்க்கின் வேரில் 'டாக்குமென்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ்' என்றொரு பெயர் மங்கலாகத் தெரியும். அது கோப்புறையே இல்லை. பழைய மென்பொருள்களுக்காக வைத்த திசைகாட்டி. அதன் உள்ளடக்கத்தைப் பட்டியலிட எல்லோருக்கும் தடை என்று திட்டமிட்டே எழுதி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்பி காலத்துப் பழக்கத்தில் அதைச் சொடுக்கி, 'ஆக்சஸ் டினைடு' என்று வந்ததும் ஆவணமெல்லாம் பூட்டிக்கொண்டது என்று பதறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையான ஆவணங்கள் 'யூசர்ஸ்' கோப்புறையில் அமைதியாக இருக்கும்.

எச்சரிக்கைப் பெட்டியில் 'தொடர்க' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் வேலை முடிந்தது, இதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று கேட்கலாம். பெட்டியில் உள்ள வாசகத்தை முழுதாகப் படித்தால் அதில் 'நிரந்தரமாக' என்ற சொல் இருப்பது தெரியும். அந்தப் பொத்தான் ஒரு முறை உள்ளே விடுவதோடு நிற்பதில்லை. கடைக் கணினியின் பயனரை அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் சேர்த்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புறைக்கும் கோப்புக்கும் அதை எழுதிக்கொண்டே போகிறது. லட்சம் கோப்பு இருந்தால் லட்சம் திருத்தம். பச்சைக் கோடு மெதுவாக நகர்வது அதனால்தான். 197ஆம் எண் ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் இதைச் செய்தால், படிக்கவே திணறும் வட்டை எழுத வைக்கிறோம். நல்லபடியாக இருக்கும் கடைசிச் சில மணி நேரத்தைப் பெயர் மாற்றத்தில் செலவழிக்கிறோம். அனுபவமுள்ளவர்கள் இந்தப் பொத்தானை விட்டு விலகுவதைப் பார்க்க முடிகிறது. டிஸ்க் தள்ளாடினால் முதலில் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் செக்டர் செக்டராகப் படிமம் எடுத்துவிடுகிறார்கள். பிறகு எல்லாச் சோதனையும் படிமத்தின் மேல். டிஸ்க் நன்றாகவே இருந்தால் விண்டோஸின் நகலெடுக்கும் கருவியான ரோபோகாபியை அதன் பேக்கப் முறையில் ஓட்டுகிறார்கள். நிர்வாகிக்கு உள்ள காப்பு நகல் உரிமையைப் பயன்படுத்தி, ஒரு குறிப்பையும் மாற்றாமல் அது நகலெடுக்கும். இன்னும் சிலர் பென் டிரைவில் வைத்திருக்கும் லினக்ஸைக் கிளப்புகிறார்கள். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸை லினக்ஸில் படிக்கும் வழக்கமான நிரல், தனியாகச் சொன்னாலொழிய, விண்டோஸின் அனுமதிப் பட்டியலைப் பொருட்படுத்துவதே இல்லை. மூன்று வழியிலும் மூல வட்டின் அனுமதிக் குறிப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. எச்சரிக்கையைப் புரிந்துகொண்டதால் கிடைத்த ஆதாயம் இது.

எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளாமல் அதைத் துரத்தியதற்குப் பெரிய உதாரணம் மேக் உலகில் இருக்கிறது. இங்கே மேக் பழுதுபார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள எவரும் 'ரிப்பேர் பெர்மிஷன்ஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் சிரிக்கிறார்கள். 2001இல் ஆப்பிள் மேக் ஓஎஸ் எக்ஸைக் கொண்டுவந்தபோது, அனுமதி என்றால் என்னவென்றே பெரிதாக அறியாத பழைய மேக் பயனர்கள் யுனிக்ஸுக்குள் குடிபுகுந்தார்கள். பழைய நிறுவிகளும் பழைய பழக்கங்களும் அமைப்புக் கோப்புகளின் உரிமையைக் கண்டபடி மாற்றிவைத்தன. அதைச் சரிசெய்ய ஒரு தனிக் கருவி வந்தது. 2002இல் வந்த ஜாகுவார் பதிப்பில் அது டிஸ்க் யுடிலிட்டிக்குள்ளேயே ஒரு பொத்தானாக உட்கார்ந்தது. அது செய்த வேலை மிகச் சாதாரணமானது. ஆப்பிள் நிறுவும் ஒவ்வொரு மென்பொருளும் 'ரசீது' ஒன்றை விட்டுச்செல்லும். எந்தக் கோப்பு யாருக்கு உரியது, என்ன அனுமதி என்று அதில் எழுதியிருக்கும். பொத்தானை அழுத்தினால் ரசீதையும் நடப்பையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் ரசீதுப்படி திருத்தும். பயனரின் ஆவணங்களை அது தொட்டதே இல்லை. வட்டின் செக்டர்களையும் தொட்டதில்லை. ஆனால் பொத்தான் இருந்த இடம் வட்டுப் பழுதுபார்க்கும் சாளரம். 'வட்டைச் சரிபார்' என்ற பொத்தானுக்கு அருகிலேயே. விளைவு, அச்சுப்பொறி வேலை செய்யவில்லையா, சஃபாரி தொங்குகிறதா, மென்பொருள் புதுப்பிப்பு வருகிறதா, எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் அனுமதியைப் பழுதுபார் என்ற சடங்கு. ஜான் க்ரூபர் போன்ற மேக் எழுத்தாளர்கள் 2000களின் நடுவிலேயே இதை மந்திரவாதம் என்று கிண்டல் செய்தும் சடங்கு நிற்கவில்லை.

அந்தச் சடங்கைச் செய்தவர்கள் கண்டு அஞ்சிய வரிகள் பல. இந்தக் கோப்பின் அனுமதி இப்படி இருக்க வேண்டும், அப்படி இருக்கிறது என்பது ஒரு வகை. 2005இல் டைகர் பதிப்போடு வந்த விரிவான அனுமதிப் பட்டியல்களால், எதிர்பாராத இடத்தில் பட்டியல் ஒன்று இருக்கிறது என்பது அடுத்த வகை. எல்லாவற்றிலும் பயமுறுத்தியது 'எஸ்யூஐடி கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது, பழுதுபார்க்கப்பட மாட்டாது' என்பது. எஸ்யூஐடி என்பது டென்னிஸ் ரிச்சி கண்டுபிடித்த ஏற்பாடு (ரிச்சி தெருவின் பெயருக்கும் அவருக்கும் உறவு ஏதுமில்லை). 1973இல் விண்ணப்பித்து 1979இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு நிரலை யார் இயக்கினாலும், அது இயக்கியவரின் அதிகாரத்தில் ஓடாமல் தன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும். உரிமையாளர் ரூட் என்றால் கணினி முழுக்க அதன் கையில். சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்ற முடிவது இந்த ஏற்பாட்டால்தான். அப்படிப்பட்ட கோப்பு ஒன்று நிறுவியபோது இருந்தபடி இப்போது இல்லை என்றால், கருவி செய்யக்கூடிய மிக மோசமான காரியம் அதன் பழைய அதிகாரத்தைக் கேட்காமல் திருப்பிக் கொடுப்பது. ஆகவே அது தொடாமல் விட்டது. 'பழுதுபார்க்கப்பட மாட்டாது' என்பது இயலாமையின் வாக்குமூலம் என்றே பலர் படித்தார்கள்; நான் அதை அந்தக் கருவியிலேயே நியாயமான வரி என்று படிக்கிறேன். தொலைமேலாண்மைக்கான ஏஆர்டி ஏஜென்ட் என்ற நிரலின் பெயர் இந்த வரியில் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. 2008 ஜூனில் அதே நிரலின் எஸ்யூஐடி அதிகாரத்தைக் கொண்டு, கடவுச்சொல் இல்லாமல் ரூட்டாக எதையும் இயக்கலாம் என்று வெளிப்பட்டு, ஆப்பிள் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. எந்தக் கோப்பைப் பற்றிய எச்சரிக்கையைப் பயனர்கள் எரிச்சலோடு பார்த்தார்களோ, அந்தக் கோப்புதான் உண்மையில் எச்சரிக்கையாகக் கையாள வேண்டிய கோப்பாக இருந்தது.

கடைசியில் ஆப்பிளே, கவலையில்லாமல் புறக்கணிக்கத்தக்க அனுமதிச் செய்திகளுக்கு ஒரு நீண்ட பட்டியல் வெளியிட்டது. 2015இல் எல் கேப்பிட்டன் பதிப்பில் பொத்தானே நீங்கியது. அமைப்புக் கோப்புகளை ரூட்டாலும் மாற்ற முடியாதபடி ஒரு பாதுகாப்பு அடுக்கு வந்தது. விண்டோஸ் விஸ்டாவிலேயே ட்ரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற கணக்கின் பெயரில் அமைப்புக் கோப்புகளை எழுதிவைத்து இதே திசையில் நகர்ந்திருந்தது. இங்கே ஓர் எதிர்வாதம் எழுகிறது: புறக்கணிக்கத்தக்கது என்றால் அந்த எச்சரிக்கையை எதற்குக் காட்ட வேண்டும்? வெற்றுக் கூச்சலுக்குப் பழகிய காது உண்மையான அபாயத்தையும் கேட்காமல் விடுமே? வலுவான கேள்விதான். கருவி செய்தவர்களின் தவறை நான் மறுக்கவில்லை. ஒப்பீட்டு முடிவுகளையும் அபாயங்களையும் ஒரே சாளரத்தில், ஒரே எழுத்தில் கொட்டியது வடிவமைப்பின் தோல்வி. ஆனால் அதிலிருந்து எச்சரிக்கைகள் அர்த்தமற்றவை என்ற முடிவு வராது. விண்டோஸின் வட்டுச் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க் ஓடும் திரையைப் பாருங்கள். பயன்படாத பாதுகாப்புக் குறிப்புகளைத் துடைக்கிறேன், 9ஆம் கோப்பின் குறியீட்டிலிருந்து பயன்படாத பதிவுகளை நீக்குகிறேன் என்று வரிகள் ஓடும். 9ஆம் கோப்பு என்பது என்டிஎஃப்எஸ் எல்லா அனுமதிக் குறிப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கும் உள்கோப்பு. அழிந்த கோப்புகளின் குறிப்புகள் அதில் மிஞ்சியிருப்பது இயல்பு, துடைப்பது வீட்டுவேலை. அதே திரையில், செல்லாத பாதுகாப்பு எண்ணுக்குப் பதில் இயல்பு எண்ணை இடுகிறேன் என்ற வரி வரிசையாக வந்தால் கதை வேறு. அங்கே கோப்புகள் தங்கள் பழைய அனுமதிகளை இழந்துகொண்டிருக்கின்றன. அலுவலகச் சர்வர் என்றால் மறுநாள் காலை யார் எதைத் திறக்கலாம் என்பதே குழம்பிப்போகும். இரண்டு வரியும் ஏறக்குறைய ஒரே மொழியில் இருக்கின்றன. முதலாவதைக் கண்டு பதறாமல் இருப்பதும், இரண்டாவதைக் கண்டதும் நிறுத்திக் காப்பு நகல் தேடுவதும் ஒரே படிப்பின் இரு பக்கங்கள். இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் டிரைவில் திருத்தும் உத்தரவு இல்லாமல் செக்டிஸ்க்கை ஓட்டினால், கோப்புகள் மாறிக்கொண்டே இருப்பதால் இல்லாத பிழையையும் அது சொல்லக்கூடும். எந்தச் சூழலில் சொன்னது என்று கேட்காமல் எச்சரிக்கையை எடைபோட முடியாது.

அடுத்த எதிர்வாதம் மேசைகளிலேயே கேட்பது, நடைமுறைக்காரர்களுடையது: எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிட்டால் எச்சரிக்கையும் போகும், வேலையும் நடக்கும். விண்டோஸில் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்'. லினக்ஸில் புகழ்பெற்ற 777. தரவு மட்டும் உள்ள டிஸ்க்கில், அதுவும் நகலில், இது பெரிய தீங்கு செய்யாது என்று ஒத்துக்கொள்கிறேன். கிளம்ப வேண்டிய டிஸ்க்கின் வேரிலிருந்து இதைச் செய்தால் என்ன ஆகும் என்பதை லினக்ஸ் உடனே சொல்லிவிடும். வெறும் 777 என்று எழுதும்போது கோப்புகளில் இருந்த எஸ்யூஐடி குறி அழிந்துபோகிறது. அடுத்த முறை நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவை அழைத்தால், எனக்கு அந்தக் குறி இருந்தாக வேண்டும் என்று சொல்லி மறுக்கிறது. தொலைக்கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலோ, உன் ரகசியச் சாவியை எல்லோரும் படிக்கலாம் போலிருக்கிறதே என்று அதைப் பயன்படுத்தவே மாட்டேன் என்கிறது. அதாவது, அனுமதி அதிகமானதால் வேலை நிற்கிறது. அனுமதிக் குறிப்பைத் தடை என்று மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். பல நிரல்கள் அதை ஒரு வாக்குறுதியாக நம்பித்தான் இயங்குகின்றன: இந்தக் கோப்பை வேறு யாரும் மாற்றியிருக்க முடியாது என்ற வாக்குறுதி. ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால், எது எப்படி இருந்தது என்ற தகவல் போய்விடுகிறது. ரசீது இல்லாத அமைப்பில் அதைத் திரும்ப எழுத வழியில்லை, ஓஎஸ்ஸை மறுபடி போடுவதைத் தவிர. பல கடைகளில் கடைசியில் அதுதான் நடக்கிறது. 'ஃபார்மட் போட்டு ஓஎஸ் போட்டாச்சு' என்பது எல்லோருக்கும் புரியும், பில்லிலும் எழுதலாம். படிமம் எடுத்து, எச்சரிக்கையைப் படித்து, ஒன்றையும் மாற்றாமல் விட்டதற்குப் பில்லில் என்ன வரி எழுதுவது? பொறுமையான வேலைக்கு விலை சொல்ல முடியாமல் இருப்பது இந்தத் தொழிலாளிகளின் உண்மையான சங்கடம். அவசர வேலையை அவர்கள் விரும்பிச் செய்கிறார்கள் என்று சொல்வது நியாயமாகாது.

ஒரே வாசகம் முற்றிலும் வேறு பொருள்படும் இடமும் உண்டு. உரிமையை எடுத்தாயிற்று, முழு அனுமதி கொடுத்தாயிற்று, கோப்புறையும் திறக்கிறது. ஒரு கோப்பைச் சொடுக்கினால் மட்டும் மறுபடி 'ஆக்சஸ் டினைடு'. கோப்பின் பெயர் பச்சையாகத் தெரிந்தால் அல்லது சின்னத்தின் மூலையில் சிறு பூட்டு இருந்தால் விஷயம் அனுமதி சார்ந்ததல்ல, குறியாக்கம் சார்ந்தது. இஎஃப்எஸ் முறையில் குறியாக்கிய கோப்புக்குச் சாவி, பழைய பயனரின் கடவுச்சொல்லோடு பிணைந்திருக்கிறது. இதை அனுமதிச் சிக்கல் என்று தவறாகப் படித்தவர் அடுத்துச் செய்வது, பழைய மடிக்கணினியில் கடவுச்சொல்லை வெளியிலிருந்து அழித்துப் புதிதாக வைப்பது. உள்ளே நுழைந்துவிடலாம், ஆனால் அந்தக் கணத்தில் சாவிக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. பழைய கடவுச்சொல் நினைவுக்கு வந்தாலோ சாவியின் நகல் இருந்தாலோதான் மீட்பு. வெறும் அனுமதி என்பது இயங்குதளம் மதிக்கும்வரை உள்ள விதி; லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோனதை மேலே பார்த்தோம். குறியாக்கம் யாரும் மதிக்க வேண்டிய அவசியமில்லாத கணிதம். எச்சரிக்கைப் பெட்டி இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. மேசையில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

விதியை இவ்வளவு சுலபமாகக் கடக்கலாம் என்பதால்தான் கடைசி எதிர்வாதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாடிக்கையாளரே டிஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அனுமதி என்ன, எச்சரிக்கை என்ன? பல கடைகளில் ஜாப் கார்டில் பெயர், போன் நம்பர், கோளாறு ஆகியவற்றுக்குக் கீழே கடவுச்சொல்லையும் எழுதி வாங்குகிறார்கள். சில இடங்களில் அது மடிக்கணினியின் மேலேயே ஸ்டிக்கராக ஒட்டப்பட்டு, போகிற வருகிறவர் எல்லாம் படிக்கும்படி இருக்கிறது. கொடுத்தது எதற்கு என்பதுதான் கேள்வி. கீபோர்டு மாற்றக் கொடுத்தவர் புகைப்படங்களைப் பார்க்கக் கொடுக்கவில்லை. கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், செயல்களைப் பதிவுசெய்யும் மென்பொருளை மறைத்துவைத்த மடிக்கணினிகளைப் பழுதுபார்ப்பு நிலையங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 16 இடங்களில் 6இல் டெக்னீஷியன்கள் வேலைக்குத் தேவையில்லாத அந்தரங்கக் கோப்புகளைத் திறந்திருந்தார்கள், 2இல் நகலும் எடுத்திருந்தார்கள். ஹாங்காங்கில் 2008இல் நடிகர் ஒருவரின் அந்தரங்கப் படங்கள் ஊரெங்கும் பரவியது பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினியிலிருந்துதான். அந்த டெக்னீஷியன் மறு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் 43, 66 பிரிவுகளில், உரியவரின் அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு கணினிக்குள் நுழைந்து தரவை எடுப்பதை மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. 2008 திருத்தத்தில் வந்த 72ஏ பிரிவு, ஒப்பந்த வேலையின்போது கைக்கு வந்த அந்தரங்கத் தகவலைத் தீங்கு நினைத்து வெளியிடுவதைக் குறிவைக்கிறது. தொழில்நுட்ப ரீதியில் 'இது வேறொருவருடையது' என்று அந்தப் பெட்டி சொல்வது, சட்டமும் நாகரிகமும் சொல்வதே.

இதை ரிச்சி தெருக்காரர்களின் மேல் குற்றப்பத்திரிகையாக நான் எழுதவில்லை. ஆய்வு நடந்தது கனடாவில், வழக்கு நடந்தது ஹாங்காங்கில். கேட்ட கோப்புறையை மட்டும் பெயர் சொல்லி நகலெடுத்து, வாடிக்கையாளரையே திரைக்கு முன் உட்காரவைத்து, "சார், உங்க ஃபோல்டரை நீங்களே திறந்து பார்த்துக்குங்க" என்று மவுஸைத் தள்ளிவிட்டுத் திரும்பிக்கொள்கிற மனிதர்களும் இதே மாடிகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு எஸ்ஐடியின் அமைப்போ எஸ்யூஐடியின் வரலாறோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெட்டியில் வந்தது தன்னிடம் சொல்லப்பட்டதல்ல, டிஸ்க்குக்கு உரியவரைப் பற்றிச் சொல்லப்பட்டது என்ற உணர்வு போதுமானதாக இருக்கிறது.

இந்த மேசைகளில் வேலையின் தன்மையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2018க்குப் பிந்தைய மேக்புக் ப்ரோக்களில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டு, சில்லுக்குள் இருக்கும் சாவியால் எப்போதும் குறியாக்கப்பட்டே இருக்கிறது. கழற்றி டாக்கில் செருக ஒன்றுமில்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாக நிறுவும் பெரும்பாலான கணினிகளில் குறியாக்கத்தைத் தானாகவே இயக்கிவிடுகிறது. அந்த டிஸ்க்கை டாக்கில் ஏற்றினால் அனுமதியில்லை என்ற பெட்டி வராது. அந்தக் குறியாக்கமான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும் பெட்டி வரும். தன் கணினியில் அப்படி ஒன்று இயங்குகிறது என்பதே வாடிக்கையாளர்கள் பலருக்குத் தெரிந்திருப்பதில்லை. எண் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கக்கூடும். அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் தொடங்கியது, யார் தொடங்கிக் கொடுத்தார்கள் என்று விசாரிப்பதில் வேலை தொடங்குகிறது. டெக்னீஷியன் சால்டரிங் ஸ்டேஷனை அணைத்து வைத்துவிட்டு, வாடிக்கையாளரின் போனில் பழைய மின்னஞ்சலுக்கு ஓடிபி வருகிறதா என்று காத்திருக்கிறார்.